தாயின் தீனியும் குட்டியின் ஈரலும்

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நம் நாட்டுப் பழமொழி. தறியும் தொழுவமும் ஒரே வீட்டில் இருக்கும் குடியாத்தம் வட்டாரத்தில் இப்பழமொழியின் இரு பாதிகளும் அன்றாடம் கண்கூடாகக் காணத்தக்கவை. கைலி நெய்யும் அங்கத்தினர் நூலைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். கடலை பயிரிடும் அங்கத்தினர் விதைப்பருப்பைப் பொறுக்கி எடுப்பதில் காட்டும் கவனமும் அத்தகையதே. ஆயினும் அவ்விருவர் வீட்டுக் கொல்லையிலும் கட்டியிருக்கும் சினை ஆட்டுக்கு என்ன தீனி வைக்கப்படுகிறது என்று கேட்டால், திருத்தமான விடை கிடைப்பது அரிது. ‘மேய்ந்துவிட்டு வருகிறது’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

சினைக்காலத்தில் தாய்க்கு நேரும் தீனிக் குறைவு குட்டியின் எடையைக் குறைப்பதோடு நில்லாமல், அதன் கல்லீரல் வேலை செய்யும் முறையையே மாற்றிவிடக்கூடும் என்றும், அம்மாற்றம் பிறந்த பின்னரும் நெடுங்காலம் தொடரக்கூடும் என்றும் கடந்த சில பத்தாண்டுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இது ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. ஆடு வாங்கவும் மாடு வாங்கவும் கடன் பெற்றுள்ள ஒவ்வோர் அங்கத்தினருக்கும், அக்கடனை வழங்கிய சங்கத்திற்கும் நேரடித் தொடர்புடைய செய்தியாகும். ஆதலின் இதனைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கணக்கில் வராத மாதங்கள்

வெள்ளாட்டுக்கும் செம்மறியாட்டுக்கும் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். பசுவுக்கு 280 நாட்கள். எருமைக்கு 310 நாட்கள். சினை ஆடு வளர்ப்பவருக்கு அந்நாட்களில் வருமானம் எதனையும் தருவதில்லை. பசுவும் இறுதி இரண்டு மாதங்கள் கறவை வற்றி நிற்கிறது. வருமானம் தராத பிராணிக்குச் செலவு செய்ய மனம் ஒப்புவதில்லை; பல வீடுகளில் கையில் பணமும் இருப்பதில்லை. தறியில் வேலை குறைந்து கூலி சுருங்கும் மாதங்களில், வீட்டுச் செலவில் முதலில் வெட்டுப்படுவது இந்தத் தீனிதான்.

நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் இதுபற்றி விசாரிப்பது வழக்கம். பேர்ணாம்பட்டுச் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், “கறக்கிற மாட்டுக்கே புண்ணாக்குப் போதவில்லை ஐயா, சும்மா நிற்கிற மாட்டுக்கு எங்கே போவது?” என்று கேட்டார். “சும்மா நிற்கவில்லை அம்மா, வயிற்றில் ஒன்றை வளர்த்துக்கொண்டு நிற்கிறது” என்றோம். அவர் நகைத்தார், ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானதே. அதற்குத் தக்க விடை கூறுவது நம் கடமை.

சங்கத்தின் கடன் பதிவேட்டைப் புரட்டினால் கடன்தொகை, தவணை, வசூல், நிலுவை ஆகிய அனைத்தும் காணப்படும். நிலுவைக்குக் காரணம் கேட்டால் ‘வறட்சி’ என்றோ ‘ஆட்டுக்கு நோய்’ என்றோ எழுதப்பட்டிருக்கும். குட்டி சிறுத்துப் பிறந்தது, பால் ஊட்டத் திராணியின்றி இறந்தது, தப்பிப் பிழைத்ததும் எடை ஏறாமல் சந்தையில் குறைந்த விலைக்குப் போயிற்று என்பன எழுதப்படுவதில்லை. இவற்றுள் பலவற்றிற்கு வித்து, குட்டி பிறப்பதற்கு முன்னரே ஊன்றப்பட்டுவிடுகிறது.

2011ஆம் ஆண்டில் தமிழக அரசு கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2018–19ஆம் ஆண்டில் கிசான் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆட்டைப் பெறுவதற்கு வழி பிறந்தது நன்று. பெற்ற ஆட்டின் வயிற்றில் வளரும் செல்வத்தைக் காப்பது எப்படி என்பதே இனி நாம் கற்கவேண்டிய பாடம்.

ஆட்டின் கல்லீரல் செய்யும் வேலை

நாம் சோறு உண்டால் அதிலுள்ள மாவுப்பொருள் குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. அசைபோடும் பிராணிகளின் நிலை வேறு. ஆடும் மாடும் தின்னும் புல்லையும் தழையையும் அவற்றின் முதல் வயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புளிக்கச்செய்து, எளிதில் ஆவியாகும் அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்களுள் ஒன்றாகிய புரோப்பியோனிக் அமிலம் கல்லீரலைச் சென்றடைகிறது. அதனை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு கல்லீரல் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையைத் தயாரிக்கிறது. ஆட்டின் இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸில் மிகப் பெரும்பகுதி இவ்வாறு உள்ளேயே தயாரிக்கப்பட்டதாகும். மூளைக்கும், மடியில் ஊறும் பாலுக்கும், கருவில் வளரும் குட்டிக்கும் இதுவே எரிபொருள்.

எனவே மனிதனுக்குக் கல்லீரல் எவ்வளவு முக்கியமோ, அதனினும் ஒரு படி மேலாக ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது முக்கியமானது. சர்க்கரையைத் தயாரிப்பதும், மிஞ்சியதைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்துவைப்பதும், கொழுப்பைப் பக்குவப்படுத்துவதும், நஞ்சை முறிப்பதும் அதன் பணிகள். வளரும் குட்டியின் எலும்பையும் தசையையும் பெருக்கத் தூண்டும் சுரப்புப் பொருளும் பெரும்பாலும் கல்லீரலிலிருந்தே இரத்தத்தில் கலக்கிறது.

கருவில் நடைபெறும் சிக்கனம்

கருவிலிருக்கும் குட்டிக்குத் தானே சர்க்கரை தயாரிக்கவேண்டிய தேவை சாதாரணமாக இல்லை. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக அது நேராக வந்து சேர்கிறது. பிறக்கும் நாள் நெருங்கும்போதுதான் குட்டியின் கல்லீரல் தன் பொறுப்பை ஏற்கத் தயாராகிறது. அப்பொழுதே கிளைக்கோஜனையும் சேமித்துக்கொள்கிறது. பிறந்த முதற்சில மணி நேரத்தில், எழுந்து நின்று மடியைத் தேடும் வரையில், குட்டியைத் தாங்குவது இந்தச் சேமிப்பே. மார்கழிப் பனியில் பிறந்த குட்டி விடியற்காலையில் விறைத்துக் கிடக்கக் கண்ட அங்கத்தினர் பலர் உண்டு. அவற்றுட் பல, சேமிப்பின்றிப் பிறந்த குட்டிகள்.

தாய்க்குத் தீனி குறைந்தால் என்ன நேர்கிறது? முதலில் தாய் தன் உடலிலுள்ள கொழுப்பைக் கரைத்துக் குட்டியைக் காக்க முயல்கிறது. அது போதாதபோது குட்டி தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வருமானம் குறைந்த குடும்பத் தலைவர், அடுப்புக்கு வேண்டியதை நிறுத்தாமல் மற்றச் செலவுகளைக் குறைப்பதுபோல, கருவின் உடல் மூளைக்கு இரத்தத்தைத் தடையின்றி அனுப்பி, கல்லீரலுக்கும் குடலுக்கும் தசைக்கும் செல்லும் பங்கைக் குறைக்கிறது. தொப்புள்கொடி வழியே வரும் இரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலுக்குட் புகாமலே செல்ல இயற்கையிலேயே ஒரு கிளைவழி உண்டு. நெருக்கடியில் அவ்வழியே செல்லும் இரத்தம் மிகுகிறது, கல்லீரல் சிறுத்துவிடுகிறது.

அளவு சிறுப்பதைவிடக் கவலைக்குரியது அதன் பழக்கம் மாறுவது. வெளியிலிருந்து வரும் சர்க்கரை நெடுநாள் குறைவாகவே இருந்தால், கருவின் கல்லீரல் காலத்திற்கு முன்பே தானாகச் சர்க்கரை தயாரிக்கத் தொடங்குகிறது. அதற்கு மூலப்பொருள், தசையாக மாறியிருக்கவேண்டிய புரதச் சத்தே. நெருக்கடிக் காலத்தில் மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் இந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. இவ்வாறு ‘உலகில் உணவு அரிது’ என்ற எதிர்பார்ப்போடு அமைந்த கல்லீரல், பிறந்தபின் தீனி தாராளமாகக் கிடைத்தாலும் அப்பழக்கத்தை எளிதில் விடுவதில்லை.

நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஊடையில் ஒரு பிழை நேர்ந்தால் அது அந்த இடத்தோடு நின்றுவிடும். பிரித்துச் சரிசெய்யவும் கூடும். பாவில் நேர்ந்த பிழையோ துணியின் முழு நீளத்திற்கும் ஓடும். பிறந்தபின் குட்டிக்கு நேரும் பட்டினி ஊடைப் பிழை. கருவில் நேரும் பட்டினி பாவுப் பிழை.

ஆராய்ச்சிகள் கூறுவன

தாயின் உடலே சேயின் வளர்ச்சிக்கு எல்லை வகுக்கிறது என்பதை 1938ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்ட்டன், ஹாமண்ட் என்னும் இருவர் காட்டினர். மிகப் பெரிய ஷயர் குதிரையையும் மிகச் சிறிய ஷெட்லண்டு மட்டக்குதிரையையும் இருவிதமாக இணைசேர்த்தனர். இருவகைக் குட்டிகளின் பரம்பரையும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் பெரிய தாய்க்குப் பிறந்த குட்டி, சிறிய தாய்க்குப் பிறந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையிருந்தது. நல்ல கிடாவைத் தேடி அலைவது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கல்லீரலைப்பற்றிய ஆராய்ச்சிகள் பின்னர் வந்தன. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார், செம்மறியாடுகளுக்குச் சினையின் 28ஆம் நாள் முதல் 80ஆம் நாள் வரை தீனியைக் குறைத்து, பிறகு வழக்கம்போல் தீனி அளித்தனர். அவற்றின் குட்டிகள் பிறந்தபின் கொழுக்க வளர்க்கப்பட்டபோது, அவற்றின் கல்லீரலில் கொழுப்பு மிகுதியாகப் படிந்திருந்ததை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், சினையின் இறுதி ஆறு வாரங்களில் தாய்க்குத் தேவையான தீனியில் பாதியே அளித்துப் பார்த்தனர். அக்குட்டிகளின் உடலில் கொழுப்பு படியும் இடமே மாறியிருந்தது. தோலுக்கடியில் படியவேண்டியது வயிற்றினுள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் நாட்டம் காணப்பட்டது.

இம்மாற்றம் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதற்கு எலிகளைக்கொண்டு நடத்திய பரிசோதனைகள் விடை தருகின்றன. தாய் எலிக்குப் புரதம் குறைந்த உணவு அளித்தால், குட்டியின் கல்லீரல் சர்க்கரையைப் பயன்படுத்தும் திறன் குறைந்து, சர்க்கரையைத் தயாரிக்கும் திறன் மிகுந்திருந்தது. 2005ஆம் ஆண்டில் சவுத்தாம்டன் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு மேலும் ஒரு படி சென்றனர். கல்லீரலின் மரபணுக்கள் சிலவற்றின்மீது படியும் மீதைல் என்னும் இரசாயனக் குறி மாறியிருப்பதை அவர்கள் கண்டனர். மரபணு மாறவில்லை, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்னும் குறிப்பு மாறியிருந்தது. நூல் அதுவே, சாயம் வேறாகிவிட்டது எனலாம். அதே தாய் எலிகளின் உணவில் ஃபோலிக் அமிலம் கூடுதலாகச் சேர்த்தபோது அம்மாற்றம் தடுக்கப்பட்டது என்பது ஆறுதல் அளிக்கும் செய்தி.

எல்லாப் பரிசோதனைகளும் ஒரே அளவான பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவைப்பது முறை. தீனி எந்த மாதத்தில் குறைந்தது, எவ்வளவு குறைந்தது, குட்டி ஒன்றா இரட்டையா, பிறந்தபின் எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து விளைவு வேறுபடுகிறது. ஆயினும் போக்கு ஒன்றே.

மாடு வளர்ப்போருக்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பரிசோதனை ஒன்று பயன்படும். சினையின் இறுதிக் கட்டத்தில் வெறும் மேய்ச்சலோடு விடப்பட்ட பசுக்களுக்குப் பிறந்த கிடேரிகளுள் நூற்றுக்கு 80 சினைப்பட்டன. அதே காலத்தில் புரதத் தீவனம் கூடுதலாகப் பெற்ற பசுக்களின் கிடேரிகளுள் நூற்றுக்கு 93 சினைப்பட்டன. 2007இல் வெளிவந்த இம்முடிவு, தாய்க்கு அளித்த புண்ணாக்கின் பலன் மகளின் சினையில் வந்து சேர்வதைக் காட்டுகிறது. பொய்கைச் செவ்வாய்ச் சந்தையில் கிடேரி வாங்குவோர் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு, அதன் தாய் சினையாயிருந்தபோது எவ்வாறு பேணப்பட்டது என்றும் கேட்கும் நாள் வரவேண்டும்.

இறைச்சிக்கும் தோலுக்கும் இது பொருந்தும். தசையிழைகளின் எண்ணிக்கை கருவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிறந்தபின் இழைகள் பருக்குமேயன்றிப் பெருகுவதில்லை. தோலிலுள்ள மயிர்க்கால்களும் கருவில் உண்டாகின்றன. ஆஸ்திரேலியாவின் மெரினோ ஆடுகளில், தாயின் தீனிக் குறைவால் குட்டியின் மயிர்க்கால்கள் குறைவதாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துள்ளனர். பதனிட்ட தோலின் முகப்பில் தோன்றும் அழகிய புள்ளியமைப்பு மயிர்க்கால்களின் அமைப்பே. பேர்ணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலால் வாழும் குடும்பங்கள் எத்தனையோ! அத்தொழிலின் கச்சாப்பொருள் ஆட்டின் கருவறையிலேயே உருவாகத் தொடங்குகிறது.

நம் ஊருக்கு அருகிலேயே ஒரு சான்று

மேல்நாட்டு ஆடுகளைப்பற்றிய செய்தி நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். குடியாத்தத்திலிருந்து காட்பாடி செல்லும் வழியிலுள்ள கே.வி.குப்பம் ஒன்றியத்தில் நடைபெற்ற ஆராய்ச்சி ஒன்றை அவர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். அது கால்நடைகளைப்பற்றியதன்று, மக்களைப்பற்றியது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் ஒன்றியத்துக் கிராமங்களிலும் பிறந்த 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பிறப்பு விவரங்களைப் பதிவு செய்தனர். அக்குழந்தைகளுள் 2,218 பேரை, அவர்கள் 26 முதல் 32 வயது வரையிலான இளைஞராக இருந்தபோது, மீண்டும் அழைத்து இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு அவ்விளவயதிலேயே நீரிழிவு இருந்தது. மேலும் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்குச் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருந்தது. சிறுவயதில் மெலிந்திருந்து வளர்ந்தபின் பருத்தவர்களிடம் இக்கோளாறு மிகுதியாகக் காணப்பட்டது.

புனே நகரில் டாக்டர் யாக்னிக் அவர்கள் 1993ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ஆராய்ச்சியும் இதனோடு ஒத்துப்போகிறது. அப்பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகளின் தசையும், கல்லீரல் முதலிய வயிற்று உறுப்புகளும் வெகுவாகச் சிறுத்திருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மூளையைக் காத்துக் கல்லீரலைச் சுருக்கும் அதே சிக்கனம் இங்கும் தென்படுகிறது. இக்கருத்தை உலகறியச் செய்தவர் டேவிட் பார்க்கர் என்னும் ஆங்கில மருத்துவர். கருவில் போஷாக்குக் குறைந்தோர் பிற்காலத்தில் இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் எளிதில் ஆளாகின்றனர் என்று அவர் 1980களிலிருந்தே எடுத்துரைத்துவந்தார்.

எப்பொழுது, எவ்வளவு?

இனி, அங்கத்தினர்கள் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, நாட்கணக்கு. கிடா சேர்ந்த நாளைச் சுவரிலோ நாட்காட்டியிலோ குறித்துவைக்கவேண்டும். ஆடி பிறந்ததும் சினைப்பட்ட ஆடு மார்கழித் தொடக்கத்தில் ஈனும். அதன் சினைக்காலம் முழுவதும் மழைக்காலத்துப் பசுந்தழையோடு கழியும். மார்கழியில் சினைப்பட்ட ஆடோ வைகாசியில் ஈனும். அதற்குத் தீனி மிகுதியும் வேண்டிய இறுதி ஆறு வாரங்கள் சித்திரை வெயிலில், கரம்பு காய்ந்து கிடக்கும்போது வந்து சேர்கின்றன. கிடாவை ஆண்டு முழுவதும் மந்தையோடு விட்டுவைப்பதைத் தவிர்த்து, பருவம் பார்த்துச் சேர்ப்பதால் காசு செலவின்றியே பாதி நன்மை கிட்டும்.

இரண்டாவது, தாயின் உடல் நிலை. கடைசி விலாவுக்குப் பின்புறம் முதுகெலும்பின்மீது விரல்களை வைத்து அழுத்திப் பார்க்கவேண்டும். எலும்பு முனைகள் ரம்பப் பல்போல் கூர்மையாகத் தட்டுப்பட்டால் ஆடு மெலிந்துள்ளது. சற்று அழுத்தினால் மட்டுமே தட்டுப்படுமாயின் நிலை நன்று. அழுத்தியும் தட்டுப்படாவிடில் கொழுத்துள்ளது; அதுவும் தீங்கே. சேர்க்கைக்கு முன்பு ஒருமுறையும், மூன்றாம் மாதத்தில் ஒருமுறையும், ஈற்றுக்கு ஆறு வாரம் முன்பு ஒருமுறையும் இவ்வாறு பார்த்தல் போதும்.

மூன்றாவது, தீனி. முதல் மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி வளர்ந்து நிறைவுறுகிறது, உறுப்புகள் உருவாகின்றன. இக்காலத்தில் கூடுதல் தீனி தேவையில்லை, ஆனால் குறையலாகாது. நல்ல மேய்ச்சலோடு அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா ஆகியவற்றின் தழையும், நிழலில் உலர்த்திச் சேமித்த கடலைக்கொடியும் போதுமானவை. இறுதி ஆறு வாரங்களில் குட்டி தன் பிறப்பெடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பெறுகிறது. குட்டி பெருத்து வயிற்றை அடைத்துக்கொள்வதால் தாய் மிகுதியாகத் தழை தின்னவும் இயலாது. எனவே இப்பொழுது நாள்தோறும் 200 முதல் 300 கிராம் வரை அடர்தீவனம் அளித்தல் வேண்டும். கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளம் 40 பங்கு, தவிடு 30 பங்கு, கடலைப் புண்ணாக்கு 27 பங்கு, தாது உப்புக் கலவை 2 பங்கு, உப்பு 1 பங்கு என வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். ஒரே நாளில் முழு அளவையும் வைத்தால் வயிறு கெடும்; பத்து நாட்களில் படிப்படியாக ஏற்றவேண்டும். பசுவை ஈற்றுக்கு 60 நாட்கள் முன்பே கறவை நிறுத்தி, நாளொன்றுக்கு 1 முதல் 2 கிலோ வரை அடர்தீவனம் அளிப்பது நன்று.

நான்காவது, அபாயக் குறி. இரட்டைக்குட்டி சுமக்கும் ஆடு இறுதி மாதத்தில் தீனியை வெறுத்து, மந்தையில் பின்தங்கி, பல்லை நெறித்து, கண் தெரியாததுபோல் முட்டிக்கொண்டு நின்றால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். கரைந்த கொழுப்பு கல்லீரலில் அடைத்து, சர்க்கரை குறைந்து நேரும் கர்ப்ப நச்சு நோய் இது. தாயும் குட்டியும் சேர்ந்தே இறப்பதுண்டு.

ஐந்தாவது, சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குட்டி சீம்பால் அருந்தவேண்டும். தீனி குறைந்த தாய்க்குச் சீம்பாலும் குறைவாகவே ஊறும். ஆதலால் சிறுத்துப் பிறந்த குட்டிக்கு நாமே பீய்ச்சிப் புகட்டவேண்டும். அத்தகைய பெட்டைக்குட்டியைத் திடீரென்று கொழுக்கவைக்க முயலாமல் அளவாக வளர்ப்பதும், கூடியவரை இனப்பெருக்கத்திற்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் நலம்.

செலவைக் கணக்கிடுவோம். நாளொன்றுக்கு 250 கிராம் வீதம் 45 நாட்களுக்கு 11 கிலோ 250 கிராம் தீவனம். கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 337 ரூபாய் 50 காசு. இறந்துபோகும் ஒரு குட்டியின் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை அங்கத்தினர்களிடமே விட்டுவிடுகிறோம்.

சங்கங்கள் செய்யவேண்டுவன

இவையனைத்தையும் தனி ஒருவர் தலையில் சுமத்துதல் கூட்டுறவு ஆகாது. முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் சிறு தொகையே எனினும், கூலி வராத வாரத்தில் அது பெருந்தொகை. தீனி மிகவும் வேண்டிய நாளும் பணம் மிகவும் தட்டுப்படும் நாளும் ஒன்றாகவே வருகின்றன. இந்த இடைவெளியை நிரப்புவதே சங்கத்தின் வேலை.

ஆட்டுக்கடன் முழுவதையும் வாங்கும் நாளிலேயே கொடுத்துவிடாமல், ஒரு சிறு பகுதியைத் தீவனப் பங்காக ஒதுக்கி, சினையின் மூன்றாம் மாதம் முடிந்ததும் பொருளாகவே வழங்கலாம். தவணையை மாதந்தோறும் என்று வைக்காமல், குட்டி விற்பனைக்கு வரும் காலத்தை ஒட்டி அமைக்கலாம். கடலை அறுவடைக் காலத்தில் கொடியையும் புண்ணாக்கையும் மொத்தமாக வாங்கி இருப்பு வைத்து, சித்திரையில் அடக்க விலைக்கு அளிக்கலாம். கடன் பதிவேட்டில் ‘சேர்க்கை நாள்’, ‘ஈன்ற நாள்’, ‘குட்டியின் பிறப்பெடை’ என்று மூன்று கலங்கள் சேர்த்துவிட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்தக் கடன் ஏன் நிலுவையாயிற்று என்பது தானே விளங்கும். குட்டியை நிறுக்கச் சங்கத்துத் தராசே போதும்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். இதே வீடுகளில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப்போட்டு, தறிக்குத் தார் சுற்றிக்கொடுத்து, அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பெண்மக்கள் இருக்கின்றனர். அவர்களுள் கருவுற்றிருப்போரும் உண்டு. கே.வி.குப்பத்துப் பதிவேடுகள் பேசுவது அவர்களைப் போன்ற தாய்மாரின் குழந்தைகளைப்பற்றியே. சினை ஆட்டுக்கு 45 நாட்கள் தனித்தீனி வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றும் சங்கம், கருவுற்ற அங்கத்தினரும் அங்கத்தினர் வீட்டு மருமகளும் முதற்பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்பதையும் அதே மேடையில் சொல்லவேண்டும். அங்கன்வாடி மையத்தின் சத்துமாவும், அரசு மருத்துவமனை தரும் இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளும், முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் வழங்கப்படும் மகப்பேறு உதவியும் அவர்களுக்கு உரிய காலத்தில் கிடைக்கின்றனவா என்று விசாரிப்பது, மகளிர் இயக்குநர்கள் ஏற்கத்தக்க பணி.

வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சிநிரலில் இவ்விரண்டையும் ஒரே பொருளாகச் சேர்க்குமாறு எல்லாச் சங்கத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். பாவு ஓடும்போதே இழையைப் பார்த்துக்கொள்ளும் நெசவாளருக்கும், விதைக்கும்போதே வித்தைப் பார்த்துக்கொள்ளும் உழவருக்கும் இதனை மேலும் வற்புறுத்திச் சொல்லவேண்டியதில்லை.